பச்சை மாறாத மாட்சா மஃபின்: ஜப்பானிய முறையில் வீட்டிலேயே சுட முழு வழிகாட்டி

முதல் தடவை நான் மாட்சா (ஜப்பானியப் பச்சைத் தேயிலைப் பொடி) மஃபின் சுட்டபோது ஓவனிலிருந்து வெளியே வந்தவை காய்ந்த பாசி நிறத்தில் ஆறு உருண்டைகள். கிண்ணத்தில் கலவையாக இருந்தபோது கண்ணைப் பறிக்கிற பச்சை. இருபத்தைந்தே நிமிடத்தில் அது எங்கே போனது என்று புரியவில்லை. பிட்டு வாயில் போட்டால் சர்க்கரை தெரிந்தது, வெண்ணெய் தெரிந்தது, தேயிலை மட்டும் தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனை முறை சுட்டேன் என்று கணக்கு வைக்கவில்லை. தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: இந்த மஃபினில் காப்பாற்ற வேண்டியவை இரண்டு, பச்சையும் கசப்பும். கீழே சொல்லப்போகும் அளவு, சூடு, வரிசை எல்லாம் அந்த இரண்டுக்காகத்தான்.

கசப்பை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று கேட்கலாம். ஜப்பானியத் தேநீர் சடங்கில் முதலில் இனிப்பைச் சாப்பிட்டுவிடுவார்கள், அதன் பிறகுதான் தேநீர் வரும். நாக்கில் தங்கிய இனிப்பின் மேல் கசப்பு இறங்கும்போதுதான் இரண்டுமே முழுதாகத் தெரியும். நல்ல மாட்சா மஃபின் அதையே ஒரே கடியில் செய்துவிடுகிறது. ஜப்பானில் ஒரு கேக்கைப் பாராட்ட ‘அமசா ஹிகாஎமே’ என்பார்கள். இனிப்பு அடக்கமாக இருக்கிறது என்று பொருள். அதனால் கீழே இருக்கும் சர்க்கரை அளவைப் பார்த்து ‘போதாதே’ என்று இன்னொரு கை அள்ளிப் போட்டுவிடாதீர்கள்.

எது மாட்சா, எது இல்லை

இந்த மஃபினின் பாதி வெற்றி பொடியைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. க்ரீன் டீ பையைக் கிழித்து மிக்ஸியில் அரைத்தால் மாட்சா ஆகிவிடாது. மாட்சாவுக்கான செடிகளை அறுவடைக்கு முன் மூன்று, நான்கு வாரம் நிழலில் வைக்கிறார்கள். முன்பு நாணல் தட்டிகளையும் வைக்கோலையும் பரப்பினார்கள், இப்போது பெரும்பாலும் கறுப்பு வலைத்துணி. வெயில் குறையும்போது இலை கிடைக்கிற வெளிச்சத்தைப் பிடிக்கப் பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. தேயிலைக்கு உமாமி என்ற ஆழ்ந்த சுவையைத் தரும் தியானின் என்ற அமினோ அமிலமும், வெயில் பட்டால் துவர்ப்புப் பொருளாக மாறிவிடாமல், இலையிலேயே தங்குகிறது. பறித்த இலையை உடனே ஆவியில் வேகவைத்து, சுருட்டாமல் அப்படியே உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்குவார்கள். மிஞ்சுவதன் பெயர் தென்ச்சா. அதைக் கல் இயந்திரத்தில் மெதுவாக அரைத்தால் மாட்சா. ஒரு கல்லில் ஒரு மணி நேரத்துக்கு 40 கிராம் அளவுக்குத்தான் பொடி கிடைக்கும். வேகமாகச் சுற்றினால் சூடேறி மணம் போய்விடும்.

கடையில் பக்கத்திலேயே ‘க்ரீன் டீ பவுடர்’ என்று இன்னொன்று இருக்கும். பெரும்பாலும் அது வெயிலில் வளர்ந்த சென்ச்சா என்ற சாதாரண க்ரீன் டீ இலையை அரைத்தது. துவர்ப்பு அதிகம், பொடி கொஞ்சம் நறநறக்கும், சுட்டால் சீக்கிரம் பழுப்பாகும். குடிக்க நன்றாகவே இருக்கும். மஃபினுக்கு வேண்டாம்.

சரி, மாட்சாவிலேயே எதை வாங்குவது? கியோத்தோவுக்குத் தெற்கே இருக்கும் உஜி, ஐச்சி மாகாணத்து நிஷியோ, ஃபுக்குவோக்காவின் யாமே, இப்போது ககோஷிமா என்று பல ஊர்ப் பெயர்கள் டப்பாவில் தெரியும். பேக்கிங்கைப் பொறுத்தவரை ஊரைவிட ரகம்தான் முக்கியம். ‘செரிமோனியல் கிரேடு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. அது விற்பனைக்காக வந்த சொல், அதற்கென்று சட்டப்படியான தர வரையறை எதுவும் ஜப்பானில் இல்லை. ஆனாலும் குடிப்பதற்கென்றே விற்கும் விலையுயர்ந்த மாட்சாவை ஓவனுக்குள் தள்ளுவது எனக்குப் பாவமாகத்தான் படுகிறது. அதன் மென்மையான சுவை வெண்ணெய்க்கும் முட்டைக்கும் அடியில் காணாமல் போய்விடும். அதைவிடக் கொஞ்சம் துவர்ப்பான, பேக்கிங்குக்கான நடுத்தர மாட்சாதான் சர்க்கரையைத் தாண்டித் தெரியும். நிறம் மட்டும் பளிச்சென்ற பச்சையாக இருக்கட்டும். டப்பாவிலேயே மஞ்சளோ பழுப்போ தட்டியிருந்தால் ஓவன் அதைச் சரிசெய்யப் போவதில்லை.

பின்பக்க லேபிளையும் படியுங்கள். பேக்கிங்குக்கான சில மாட்சாக்களில் நிறம் நிற்பதற்காகக் குளோரெல்லா என்ற பாசிப் பொடி சேர்த்திருப்பார்கள். அது கெடுதல் இல்லை, பச்சை உண்மையிலேயே நன்றாக நிற்கும். ஆனால் தேயிலை மட்டும்தான் வேண்டும் என்றால் பொருள்பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும்.

தேவையானவை

மேல்வாய் 7 செ.மீ. உள்ள 6 மஃபின்களுக்கு:

- மைதா 115 கிராம்
- கார்ன்ஃப்ளார் 15 கிராம்
- மாட்சா 8 கிராம் (தலை தட்டி 4 டீஸ்பூன்)
- பேக்கிங் பவுடர் 5 கிராம் (ஒன்றேகால் டீஸ்பூன்)
- உப்பில்லாத வெண்ணெய் 70 கிராம்
- வெள்ளைச் சர்க்கரை, பொடியாக்கியது 80 கிராம்
- முட்டை 2 (ஓடு இல்லாமல் 100 கிராம்)
- பால் 40 மி.லி.
- உப்பு ஒரு சிட்டிகை
- நடுவில் வைக்க அன்கோ (இனிப்புப் பயறு விழுது) 60 கிராம், அல்லது வெள்ளை சாக்லேட் துண்டுகள் 45 கிராம்

டிஜிட்டல் தராசு இல்லாமல் இதில் இறங்க வேண்டாம் என்பேன். மாட்சாவில் 3 கிராம் கூடினாலும் குறைந்தாலும் வேறு பண்டம் ஆகிவிடும். 5 கிராமுக்குக் கீழே போனால் நிறம் மட்டும் மிஞ்சும். 12ஐத் தாண்டினால் தொண்டையைப் பிடிக்கும், பொடி ஈரத்தை உறிஞ்சுவதால் மஃபினும் வறண்டுபோகும்.

மைதாவோடு கார்ன்ஃப்ளார் எதற்கு? ஜப்பானில் கேக்குக்குப் பயன்படுத்தும் ‘ஹாக்குரிக்கிக்கோ’ என்ற மாவில் புரதம் 8 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். ‘வலு குறைந்த மாவு’ என்பதே பெயரின் பொருள். மைதாவில் புரதம் பொதுவாக அதைவிடக் கூடுதல், அதனால் கடிக்கும்போது ரொட்டித்தனம் வரும். கொஞ்சம் ஸ்டார்ச் கலந்தால் அது அடங்கும். ஹாக்குரிக்கிக்கோவோ கேக் மாவோ கிடைத்தால் 130 கிராமும் அதுவே போதும்.

சர்க்கரை வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். நாட்டுச் சர்க்கரையும் பழுப்புச் சர்க்கரையும் பச்சையை முதல் நொடியிலேயே அழுக்காக்கிவிடும். ஜப்பானிய வீடுகளில் சாதாரணமாக இருக்கும் ஜோஹாக்குத்தோ என்ற ஈரப்பதமான வெள்ளைச் சர்க்கரையும் இதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. அது மஃபினை மென்மையாக வைத்திருக்கும், ஆனால் மேல்பக்கம் சீக்கிரம் சிவந்துவிடும். சாதாரண வெள்ளைச் சர்க்கரையே மேல்.

தயிர், மோர், எலுமிச்சை பக்கம் போகாதீர்கள். என் முதல் மஃபின்கள் பாசி நிறமானதற்கு நான் மிருதுவாக வரட்டும் என்று ஊற்றிய மோர் ஒரு காரணம். பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அது கழன்று, அந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்து உட்காரும். உடனே பச்சை மங்கி ஆலிவ் பழுப்பாகிவிடும். அப்படியானால் சமையல் சோடா போட்டால் பச்சை நிற்குமே என்று கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் சோடாவின் காரத்தன்மையில் கறுக்கும், சோப்பு வாடை வேறு வந்து ஒட்டிக்கொள்ளும். பேக்கிங் பவுடர் மட்டும் போதும்.

அன்கோவை முதல் நாளே செய்துவிடுங்கள்

அன்கோ என்பது அசுக்கி என்ற சிறிய சிவப்புப் பயறில் செய்யும் இனிப்பு விழுது. டப்பாவில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம், குறையில்லை. வீட்டில் செய்வதானால் 100 கிராம் அசுக்கியைக் கழுவி, ஊறவைக்காமல் நேரே தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிடுங்கள். ஐந்து நிமிடம் கொதித்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிய தண்ணீர் ஊற்றுங்கள். ஜப்பானியர்கள் இதை ‘ஷிபுகிரி’ என்பார்கள், துவர்ப்பை வெட்டுவது. மாட்சாவின் கசப்பு வேண்டும், பயறின் துவர்ப்பு வேண்டாம்.

பிறகு சிறு தீயில் ஒரு மணி நேரம் போல வேகட்டும். தண்ணீர் வற்ற வற்றக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் நசுங்கினால்தான் சர்க்கரை போட வேண்டும். அதற்கு முன்பே போட்டால் பயறு கெட்டிப்பட்டு நின்றுவிடும். 80 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, கரண்டியால் கோடு இழுத்தால் பாத்திரத்தின் அடி ஒரு நொடி தெரியும் வரை கிளறி இறக்குங்கள். ஆறினால் இன்னும் இறுகும். தோலோடு இப்படிப் பாதி மசிந்திருக்கும் வகைக்கு த்சுபுவான் என்று பெயர். மஃபினுக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். தோல் நீக்கிய வழவழப்பான கோஷியான் கேக்கோடு கலந்து அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது. தேவையான 60 கிராமைப் பத்துப் பத்துக் கிராமாக உருட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். மீதியை என்ன செய்வது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கலவைக்கு முன்

வெண்ணெய், முட்டை, பால் மூன்றையும் ஒரு மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து வையுங்கள். வெண்ணெயில் விரலை வைத்தால் எளிதாகக் குழி விழ வேண்டும், ஆனால் உருகிப் பளபளக்கக் கூடாது. 20 முதல் 22 டிகிரி. மாட்சா டப்பா ஃபிரிட்ஜில் இருந்தால் அதையும் வெளியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். குளிர்ந்த டப்பாவைத் திறந்தால் காற்றின் ஈரம் பொடிமேல் படிந்து, மிச்சப் பொடி மொத்தமும் கட்டிதட்டிவிடும்.

மைதா, கார்ன்ஃப்ளார், மாட்சா, பேக்கிங் பவுடர், உப்பு இவற்றை ஒன்றாகச் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். ஒரு முறை போதாதா என்றால், போதாது. மாட்சா அவ்வளவு நைசான பொடி, தானாகவே ஒட்டிக்கொண்டு குட்டிக் குட்டி உருண்டையாகும். கலவைக்குள் போன பிறகு அந்த உருண்டைகளை உடைக்க முடியாது. உடைக்கிறேன் என்று கிளறிக்கொண்டே இருந்தால் மஃபின் ரப்பராகும். சல்லடையில் மிஞ்சுவதைக் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்து இறக்குங்கள்.

டின்னில் பேப்பர் கப்புகளை அடுக்கி, ஓவனை 190 டிகிரிக்குச் சூடேற்றத் தொடங்கிவிடுங்கள். சுடப்போவது 170இல்தான். கதவைத் திறந்து மூடும்போது சூடு கீழே விழும், வீட்டுச் சிறிய ஓவனில் இன்னும் அதிகமாக விழும். அந்த 20 டிகிரி அதற்குத்தான்.

கலப்பது

வெண்ணெயைப் பீட்டரால் ஒரு நிமிடம் அடித்து மென்மையாக்குங்கள். சர்க்கரையை மூன்று தவணையாகப் போட்டு, மொத்தம் நான்கைந்து நிமிடம், மஞ்சள் வெளுத்து க்ரீம் போல உப்பும் வரை அடியுங்கள். இங்கே அவசரப்படக் கூடாது. மஃபினின் உள்ளே காணும் மெல்லிய துளைகளில் பாதி இந்த வேளையில்தான் உருவாகிறது. வெண்ணெய் எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவுக்குப் பச்சையும் தெளிவாக வரும்.

முட்டையை நன்றாகக் கலக்கி, ஐந்தாறு தவணையாக ஊற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் முழுக்கச் சேர்ந்த பிறகே அடுத்தது. இந்த அளவில் வெண்ணெயைவிட முட்டை அதிகம் என்பதால் கடைசியில் கலவை திரிந்ததுபோல் பிரியலாம். பயப்பட வேண்டாம், சலித்த மாவில் ஒரு மேசைக்கரண்டி போட்டு அடித்தால் கூடிக்கொள்ளும். நான் இப்போதெல்லாம் பிரிவதற்குக் காத்திருப்பதே இல்லை, கடைசி இரண்டு தவணைக்கு முன்பே அந்தக் கரண்டி மாவைப் போட்டுவிடுகிறேன்.

இனிப் பீட்டரை ஓரமாக வைத்துவிட்டு ஸ்பாட்டுலாவை எடுங்கள். மாவில் மூன்றில் ஒரு பங்கு, பாலில் பாதி, மறுபடி மாவு, மீதிப் பால், கடைசி மாவு, இந்த வரிசையில். கிண்ணத்தின் அடியிலிருந்து அள்ளி மேலே மடித்துப் போடுங்கள், வட்டமாகக் கிளற வேண்டாம். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் ஐந்தாறு மடிப்புப் போடுங்கள். கலவையில் லேசான பளபளப்பு வரும், அங்கே நிறுத்திவிட வேண்டும். மஃபின் கலவையைக் கட்டியோடு விட்டுவிடு என்ற அறிவுரை உருக்கிய வெண்ணெயை ஊற்றிக் கலக்கும் முறைக்கு உரியது. வெண்ணெயை அடித்துச் செய்யும் இந்த முறையில் அந்தப் பளபளப்பு வரை போனால்தான் ‘ஷித்தோரி’ கிடைக்கும். வாயில் ஈரமாக, அடர்த்தியாக, ஆனால் பிசுபிசுக்காமல் இருக்கும் பதத்துக்கு ஜப்பானியர்கள் வைத்திருக்கும் சொல் அது. தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் தேடிப் பார்த்தேன், சிக்கவில்லை.

கப்புகளில் பாதி உயரத்துக்குக் கலவையை வைத்து, நடுவில் ஒரு அன்கோ உருண்டையை லேசாக அழுத்தி, மேலே மீதிக் கலவையால் மூடுங்கள். முக்கால் கப்புக்குச் சற்று மேலே வரும். வெள்ளை சாக்லேட்டானால் மாவு சேர்க்கும் கடைசித் தவணையிலேயே கலந்துவிடலாம்.

ஓவனில்

டின்னை நடுத்தட்டில் வைத்து, சூட்டை 170க்கு இறக்கி, 22 முதல் 25 நிமிடம். முதல் 15 நிமிடம் கதவைத் தொடவே கூடாது. உப்பி நிற்கும் நடுப்பகுதி அமுங்கிவிடும். பதினைந்தாவது நிமிடத்தில் மேற்பரப்பு உறைந்திருக்கும். அப்போது ஒரு அலுமினிய ஃபாயிலைக் கூடாரம் போல, மஃபினைத் தொடாமல், மேலே போர்த்துங்கள். இந்த ஒன்றைச் செய்யாமல் விட்டவர்களின் மஃபின்தான் உள்ளே பச்சையும் வெளியே செங்கல் நிறமுமாக வரும். சிறிய ஓவனில் மேல்கம்பி மஃபினுக்கு மிகவும் பக்கத்தில் இருந்தால் 12ஆவது நிமிடத்திலேயே போர்த்திவிடுங்கள்.

22ஆவது நிமிடத்தில் குச்சியால் குத்திப் பாருங்கள். நடுவில் குத்தினால் அன்கோதான் ஒட்டி வரும், ஒன்றும் தெரியாது. விளிம்பிலிருந்து ஒரு விரல் உள்ளே, சாய்வாகக் குத்துங்கள். ஈரக்கலவை ஒட்டாமல் ஓரிரு துகள் மட்டும் வந்தால் எடுத்துவிடலாம். ‘இன்னும் இரண்டு நிமிடம் இருக்கட்டும்’ என்ற தாராள மனசு இங்கே வேண்டாம். வெந்த பிறகு உள்ளே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பச்சையத்தின் கணக்கில்தான் கழியும்.

எடுத்த பிறகு

டின்னிலேயே ஐந்து நிமிடம், பிறகு கம்பி ரேக்கில். கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும்போதே ஒவ்வொன்றையும் கிளிங் ஃபிலிமில் சுற்றிவிடுங்கள். முழுதாக ஆறக் காத்திருந்தால் மேல்தோல் காய்ந்துவிடும். கொதிக்கக் கொதிக்கச் சுற்றினால் உள்ளே வியர்த்துப் பிசுபிசுக்கும். இடைப்பட்ட அந்த வேளைதான் சரி. சுட்ட உடனே சாப்பிட்டால் வெண்ணெய் வாசம்தான் முன்னே நிற்கும். மறுநாள் காலை தேயிலை மணம் எழுந்து வந்திருக்கும். ஒன்றை மட்டும் சூடாக ருசி பார்த்துவிட்டு மற்ற ஐந்தை மறைத்து வைக்க முடிந்தால் உங்களைப் பாராட்டுவேன்.

மறைப்பதும் உண்மையிலேயே இருட்டில்தான் இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டாலும் மாட்சாவின் நிறம் மங்கும். கண்ணாடி மூடிக்குள் சமையல் மேடையில் அழகாக அடுக்கி வைத்த மஃபின் இரண்டே நாளில் சோகையாகிவிட்டது எனக்கு. குளிர்ச்சியான இடமானால் வெளியே ஒரு நாள், அன்கோ வைத்தது என்பதால் அதற்கு மேல் ஃபிரிட்ஜ். ஃப்ரீசரில் மூன்று வாரம் தாங்கும். எடுத்துச் சாப்பிடும்போது மைக்ரோவேவில் 20 விநாடி. மேலே மாட்சா தூவ ஆசை என்றால் பரிமாறும் நிமிடத்தில் டீ வடிகட்டியால் தூவுங்கள், முன்பே தூவினால் ஈரத்தில் கரைந்து கரும்புள்ளியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. மாட்சாவில் இலையே முழுதாக உள்ளே போகிறது. அதன் எடையில் சுமார் 3 சதவீதம் காஃபின். கணக்குப் போட்டால் ஒரு மஃபினுக்கு 40 மில்லிகிராம் அளவு வரும். படுக்கப் போகும் நேரத்தில் குழந்தைகள் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

சரியாக வராவிட்டால்

உள்ளேயும் பழுப்பா? பொடி பழையது, அல்லது புளிப்பு எங்கோ சேர்ந்திருக்கிறது. திறந்த மாட்சாவை ஒரு மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது. உள்ளே நீளமான சுரங்கங்கள் இருந்தால் பளபளப்பைத் தாண்டியும் கிளறியிருக்கிறீர்கள். அன்கோ அடியில் போய் உட்கார்ந்திருந்தால் கலவை இளகியிருக்கிறது: வெண்ணெய் உருகியிருக்கும், அல்லது முட்டை பெரியது. முட்டையை உடைத்த பிறகு எடை போடச் சொன்னது அதனால்தான். நடு அமுங்கியிருந்தால் கதவைத் திறந்தது யார் என்று விசாரிக்கவும்.

இது கைவந்த பிறகு இரண்டு மாற்றங்கள் செய்து பார்க்கலாம். வெண்ணெய்க்குப் பதில் 55 கிராம் ‘தைஹாக்கு’ எண்ணெய் ஊற்றலாம். எள்ளை வறுக்காமல் பிழிந்த, நிறமும் மணமும் இல்லாத ஜப்பானிய எண்ணெய் அது. கிடைக்காவிட்டால் மணமில்லாத எந்த எண்ணெயும் சரி. முட்டை, சர்க்கரை, எண்ணெய், பால் எல்லாவற்றையும் விஸ்க்கால் கலக்கி, மாவை மடித்துச் சேர்த்தால் முடிந்தது வேலை. ஃபிரிட்ஜில் வைத்தாலும் இறுகாது, ஆனால் வெண்ணெயின் கனம் இருக்காது. இன்னொன்று, மாட்சாவுக்குப் பதில் அதே 8 கிராம் ஹோஜிச்சா பொடி. ஹோஜிச்சா வறுத்த க்ரீன் டீ. கசப்பு குறைவு, புகையும் கேரமலும் கலந்த வாசம். ஏற்கெனவே பழுப்பு என்பதால் ஃபாயில் கூடாரமும் தேவையில்லை, இருட்டில் ஒளித்து வைக்கும் வேலையும் இல்லை. மாட்சாவோடு மல்லுக்கட்டி அலுத்த நாள்களில் நான் சுடுவது இதைத்தான்.